காசு வியாபாரத்தை விட்டு மறுபடி சேகரிப்புக்கு

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழைய லேப்டாப்பில் கிடந்த எக்செல் ஃபைல் ஒன்றைத் திறந்தேன். 2015-லிருந்து 2022 வரை நான் வாங்கி விற்ற பழைய காசுகளின் கணக்கு அது. மொத்தம் 1,912 வரிசை. வகை, உலோகம், எடை, தரம், வாங்கிய விலை, விற்ற விலை, கூரியர் செலவு, வாங்கியவர் பெயர் என்று எல்லாத்துக்கும் கட்டம் இருக்கு. "எங்கிருந்து வந்தது" என்பதற்கு மட்டும் கட்டமே இல்லை.

நான் மென்பொருள் எஞ்சினியர். டேட்டாபேஸ் வடிவமைப்பதுதான் என் சோறு. ஒரு வாடிக்கையாளர் இப்படி ஒரு அட்டவணையைக் கொண்டுவந்து காட்டினால் முதல் பத்து நிமிஷத்தில் "முக்கியமான ஃபீல்டை விட்டுட்டீங்களே சார்" என்று சொல்லியிருப்பேன். என் சொந்த அட்டவணையில் ஏழு வருஷமா அது எனக்குத் தெரியலை. வியாபாரத்தை ஏன் விட்டேன் என்று நண்பர்கள் கேட்கும்போது நேரமில்லை, லாபமில்லை என்று ஏதாவது சொல்லிச் சமாளிப்பேன். அதெல்லாமும் உண்மைதான். ஆனால் சரியான பதில் அந்த இல்லாத கட்டத்தில் இருக்கு.

முதலில் எப்படி உள்ளே போனேன் என்று சொல்லிடறேன். அப்பா திருப்பூரில் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். இங்கே சனிக்கிழமைதான் வாரச் சம்பளம். சம்பளக் கவரில் வரும் சில்லறையில் வித்தியாசமா ஏதாவது இருந்தா எனக்கென்று எடுத்து வைப்பார். ஓட்டைக் காலணா, பூப்போன்ற பத்து பைசா, ஆறாம் ஜார்ஜ் தலை போட்ட அரையணா, எல்லாம் ஒரு பவுடர் டப்பாவில் சேர்ந்தது. வேலைக்குப் போய்க் கையில் காசு வந்ததும் டப்பா ஆல்பமாச்சு, ஆல்பம் அலமாரியாச்சு. இரட்டையா இருந்ததை விற்கலாமே என்று 2015-ல் ஆரம்பிச்சேன். முதல் விற்பனை 1835-ஆம் வருஷக் கம்பெனிக் காலணா ஒன்று. 40 ரூபாய்க்கு வாங்கி 150-க்குக் கொடுத்தேன். அந்த 110 ரூபாய் தந்த போதையை என் முதல் சம்பளம்கூடத் தரலை.

வியாபாரத்துக்குள் வந்ததும் கண் மாறிடும். இது யாரும் முன்கூட்டிச் சொல்லாத விஷயம். சேகரிக்கிறவன் ஒரு காசைக் கையில் எடுத்தா "இது என்ன?" என்று பார்ப்பான். விற்கிறவன் "இதை யார் வாங்குவா?" என்று பார்ப்பான். தேய்ந்த காசு அவனுக்குக் குப்பை. பச்சை படிந்த செம்பு அவனுக்குக் "கழுவணும்". நானும் கழுவினேன். புளியும் உப்பும் போட்டுத் தேய்த்தால் செம்பு பளபளக்கும், புதுசா வாங்குகிறவருக்குப் பிடிக்கும். இருநூறு வருஷமா மேலே படிந்த படலம் இரண்டு நிமிஷத்தில் போய்விடும், திரும்ப வராது. விவரம் தெரிந்த சேகரிப்பாளர் கழுவின காசைத் தொடவே மாட்டார் என்பது எனக்கு நல்லாத் தெரியும். ஆனால் அவர்கள் பத்துப் பேர், மற்றவர்கள் ஆயிரம் பேர்.

அந்த ஆயிரம் பேரைப் பற்றியும் சொல்லணும். ஒரு நாளைக்குப் பத்துச் செய்தியாவது வாட்ஸ்அப்பில் வரும். டிராக்டர் படம் போட்ட ஐந்து ரூபாய் நோட்டு இருக்கு, லட்சம் தருவீங்களா? வைஷ்ணோதேவி படம் போட்ட ஐந்து ரூபாய் நாணயம் இருக்கு, எவ்வளவு? ராமர் பட்டாபிஷேகம் போட்ட 1818-ஆம் வருஷக் கம்பெனிக் காசு இருக்கு, அரிசியை இழுக்கும், பார்க்கிறீங்களா? அந்த ராமர் காசு கம்பெனி அச்சடித்ததே இல்லை. பின்னாளில் யாரோ செய்து விற்ற வில்லை. (கம்பெனி சாமி உருவம் போட்டதே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. சென்னையில் அடித்த தங்க வராகனில் பெருமாளும் இரண்டு தேவியரும் உண்டு. மூணு சாமி வராகன் என்றே அதற்குப் பெயர். போலி செய்கிறவனுக்கு அதுவும் ஒரு வசதி.) ரிசர்வ் வங்கியின் பெயரையும் சின்னத்தையும் போட்டுப் பழைய நோட்டு, நாணயத்துக்குக் கமிஷன் கேட்டு ஏமாற்றுகிறார்கள் என்று 2021 ஆகஸ்ட்டில் ரிசர்வ் வங்கியே எச்சரிக்கை வெளியிட்டது. அதை நாலு வருஷமா பார்க்கிறவங்களுக்கெல்லாம் அனுப்பிட்டிருக்கேன். "நீங்க வாங்கலைன்னா பரவாயில்லை, வாங்கற ஆள் நம்பர் குடுங்க" என்றுதான் பதில் வரும்.

சரி, விஷயத்துக்கு வர்றேன்.

2018-ல் ஊத்துக்குளிப் பக்கம் ஒரு கிராமத்துக்கு, தெரிந்த தறிக்காரர் ஒருவர் கூட்டிட்டுப் போனார். வீட்டில் எண்பது தாண்டிய பாட்டி. பழைய சுருக்குப்பை ஒன்றை எடுத்து வந்து திண்ணையில் கொட்டினார்.

"கண்ணு, எடைக்குப் போட்டா எவ்வளவு வரும்? செம்பு நல்ல வெல போகுதுங்கறாங்க."

இந்தக் கேள்வி இங்கே புதுசு இல்லை. பக்கத்திலேயே அனுப்பர்பாளையம், பாத்திரத் தொழிலுக்குப் பேர்போன ஊர். கிழிந்த அண்டா, உடைந்த குத்துவிளக்கோடு பழைய செம்புக் காசும் எடைக்குப் போவதை நானே பழைய இரும்புக் கடைகளில் பார்த்திருக்கேன். அதனால் அன்றைக்கு நான் செய்தது நல்ல காரியம் என்றுதான் நினைத்தேன். "எடைக்குப் போடாதீங்க ஆத்தா" என்று சொல்லி 6,500 ரூபாய் கொடுத்தேன். என் எக்செல்லில் அது லாட் 31. அறுபத்துநாலு காசு.

என்னென்ன இருந்தது என்று நினைவிலிருந்து சொல்றேன். யானை போட்ட மைசூர்க் காசுகள் பாதிக்கு மேல். அதில் இரண்டு வகை. யானை மட்டும் இருந்து, பின்பக்கம் பாரசீக எழுத்தில் அச்சுச்சாலையின் பெயர் இருந்தா அது திப்பு காலத்தது. யானைக்கு மேலே சூரியன், சந்திரன், "ஸ்ரீ" என்றெல்லாம் இருந்தா அது 1799-க்குப் பிறகு, மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் காலத்தது. பிறகு 1808-ஆம் வருஷக் கம்பெனி 20 காசுகள் சில. மீதி, உருவம் தெரியாமல் தேய்ந்த சின்னச் செம்புகள்; நாயக்கர் காலத்ததாவும் இருக்கலாம், பாளையக்காரர்கள் அடித்ததாவும் இருக்கலாம்.

அந்தப் பையின் மதிப்பு அந்தக் கலவையில்தான் இருந்தது. கோயம்புத்தூர்ச் சீமை 1799 வரை மைசூரிடம். ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்ததும் கம்பெனி கைக்கு வந்தது. ஆட்சி மாறிய அன்றைக்கே காசு மாறிடுமா? சந்தையில் உப்பு வாங்கினவன் எந்தக் காசைக் கொடுத்தான்? கம்பெனிக் காசு கிராமத்துக்கு வந்து சேர எத்தனை வருஷம் ஆச்சு? இதற்கெல்லாம் எந்த அரசாணையிலும் பதில் இருக்காது. ஒரே குடும்பத்தில், ஒரே பையில் சேர்ந்த அறுபத்துநாலு காசு கொஞ்சம் பதில் சொல்லும். எந்த வகை எத்தனை, எது எவ்வளவு தேய்ந்திருக்கு என்று எண்ணிப் பார்த்தாலே போதும்.

நான் என்ன செய்தேன்? வகை பிரித்தேன். கழுவினேன். மூன்று மாசத்தில் முப்பத்தெட்டுப் பேருக்கு விற்றேன். லாபம் 11,000 சொச்சம். அப்போது ரொம்பச் சந்தோஷம்.

காசு எங்கே, எதோடு சேர்ந்து கிடைத்தது என்பதற்கு ஏன் இவ்வளவு அழுத்தம் கொடுக்கிறேன் என்று கேட்பீர்கள். இந்த மாவட்டத்திலேயே உதாரணம் இருக்கு. 1913-ல் கத்தாங்கண்ணியில் 233 ரோம வெள்ளிக் காசுகள் ஒன்றாகக் கிடைத்தன. வெள்ளலூர், பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் பூதிநத்தம் என்று கொங்கு நாட்டில் இப்படிப் பல குவியல்கள். பெரும்பாலும் அகஸ்டஸ், டைபீரியஸ் என்ற இரண்டு பேரரசர்களின் காசு. அதிலும் ஒன்றிரண்டு அச்சு வகைதான் திரும்பத் திரும்ப வருது. ஒரு காசை மட்டும் பார்த்தா அது "டைபீரியஸ் வெள்ளி, நல்ல தரம், இவ்வளவு விலை". எல்லாத்தையும் ஒன்றாக, கிடைத்த ஊரோடு வரைபடத்தில் வைத்துப் பார்த்தா வேற கதை. நொய்யல் கரையில் கொடுமணல், அங்கே கல்மணிப் பட்டறைகள், இரும்பு உருக்கிய தடயங்கள். காங்கேயம் பக்கம் படியூரில் பச்சைக்கல். மேற்கே பாலக்காட்டுக் கணவாய், அதைத் தாண்டினா முசிறி. ரோமாபுரி வெள்ளி ஏன் நம்ம மாட்டுச்சந்தை ஊர்களில் கிடைக்குது என்று அந்தக் கோடு சொல்லிடும். நீரோ 64-ல் வெள்ளிக் காசின் எடையையும் தரத்தையும் குறைத்தார்; பழைய, நல்ல வெள்ளியைத்தான் இங்கே விரும்பினார்கள் என்ற கருத்தும் இந்தக் குவியல்களைச் சேர்த்துப் பார்த்ததில் வந்ததுதான். அந்த 233-ஐயும் 1913-ல் என்னை மாதிரி ஒருத்தன் வாங்கியிருந்தா? 233 கவர், 233 கூரியர்.

இன்னொன்று, புதுக்கோட்டைக் குவியல். 1898-ல் கிடைத்த 501 தங்கக் காசுகள். பத்தில் ஒன்பதுக்குமேல் பேரரசர் தலையின் குறுக்கே உளியால் வெட்டியிருக்காங்க. வியாபாரி பாஷையில் அது "டேமேஜ்", விலையைப் பாதியாக்கு. ஆனால் ஐந்நூறு காசில் இத்தனை பேர் தலையில் வெட்டு என்றால் அது விபத்து இல்லை. யாரோ வேண்டுமென்றே, ஒரு முறையோடு, இது இனி காசாகச் செல்லாது, தங்கமாக மட்டும்தான் என்று வெட்டியிருக்கணும் என்று ஆய்வாளர்கள் பேசுவதற்கு அந்த எண்ணிக்கைதான் ஆதாரம்.

தேய்மானமும் இப்படித்தான். 1808-ஆம் வருஷ 20 காசு பர்மிங்காமில் சோஹோ அச்சுச்சாலையில் அடித்து, கப்பலில் சென்னைக்கு வந்தது. அட்மிரல் கார்ட்னர் என்ற கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையிலேயே குட்வின் மணல்திட்டில் மூழ்கிப்போச்சு. உள்ளே டன் கணக்கில் இந்த 10 காசு, 20 காசு. 1980-களில் அதை வெளியே எடுத்தாங்க. இன்றைக்குச் சந்தையில் அழகா, எழுத்துக் குலையாம வரும் 1808 காசுகளில் பல அந்தக் கப்பல் காசுதான். அவை நம்ம நாட்டைப் பார்த்ததே இல்லை. பாட்டி பையில் இருந்தது, சிங்கமும் கேடயமும் தெரியாத அளவுக்குத் தேய்ந்தது. இங்கே வந்து, ஐம்பது வருஷம் கைமாறி, வெற்றிலை வாங்கி, வரி கட்டின காசு அது. நான் கப்பல் காசை 900-க்கு விற்றேன், பாட்டி காசை 60-க்கு.

வியாபாரிகளைத் திட்டுவதற்காக இதை எழுதலை. அவங்க இல்லைன்னா பாதிக்குமேல் உலையில்தான் உருகியிருக்கும். கரூர் அமராவதி ஆற்று மணலைச் சலித்தவர்களிடமிருந்து காசு வாங்கின சில்லறை வியாபாரிகள் இல்லாமல் மாக்கோதை, குட்டுவன் கோதை என்று தமிழ் பிராமியில் பெயர் பொறித்த சேரர் வெள்ளிக் காசுகள் நமக்குத் தெரியவே வந்திருக்காது. தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி அப்படி வந்த காசுகளை வாங்கி, படித்து, புத்தகமாக்கினார். அவர் நூல்களின் தலைப்பைக் கவனியுங்க. ஒன்று, கரூர், மதுரை, திருக்கோவிலூரில் கிடைத்த பிற்கால ரோமச் செப்புக் காசுகள் பற்றியது. இன்னொன்று, கரூரில் கிடைத்த ரோமல்லாத பழைய வெளிநாட்டுக் காசுகள் பற்றியது. தலைப்பிலேயே ஊர் இருக்கு. அவரும் காசு கொடுத்து வாங்கினவர்தான், நானும் காசு கொடுத்து வாங்கினவன்தான். அவர் ஊரை எழுதி வைத்தார்.

ஆனா ஊரைக் கேட்டா எல்லாரும் சொல்லிடுவாங்களா என்றால், மாட்டாங்க. இதற்குச் சட்டமும் ஒரு காரணம். 1878-ஆம் வருஷப் புதையல் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கு. மண்ணுக்கடியில் பத்து ரூபாய்க்குமேல் மதிப்புள்ள பொருள் கிடைத்தா கலெக்டருக்கு அறிவிக்கணும். நூறு வருஷத்துக்குமேல் பழசானால் காசும் தொல்பொருள்தான். அதை வியாபாரமாகச் செய்ய 1972-ஆம் வருஷத் தொல்பொருள் சட்டப்படி உரிமம் வேணும், வெளிநாட்டுக்குத் தனியார் அனுப்பவே கூடாது. முதல் இரண்டு வருஷம் இதைப் படிக்காமலேயே நான் விற்றேன் என்பதைப் பெருமையா சொல்லலை. சட்டத்தின் நோக்கம் நல்லது. நடைமுறையில் நடப்பது என்னன்னா, தோட்டத்தில் கிணறு வெட்டும்போது கலயம் கிடைத்தவன் பயந்துபோய் "தாத்தா காலத்துக் காசு" என்பான். வாங்கினவன், அடுத்த வியாபாரிக்கு மூலம் தெரிந்துடக் கூடாதென்று வேற ஊர் பேரைச் சொல்வான். மூன்றாவது கைக்கு வரும்போது ஊரே இருக்காது. "எங்க கிடைச்சதுன்னு மட்டும் கேக்காதீங்க சார்" என்பது இந்தத் தொழிலில் அடிக்கடி காதில் விழும் வாக்கியம். நானும் கேட்காமலே பழகிட்டேன். பாட்டி மறைக்கக்கூட இல்லை, நான்தான் கேட்கலை.

விழித்தது 2022-ல். கொரோனா சமயத்தில் வீட்டில் உட்கார்ந்து, ஜே. ஆர். ஹெண்டர்சன் 1921-ல் எழுதின ஹைதர், திப்பு காசுகள் பற்றிய புத்தகத்தைப் படிக்க ஆரம்பிச்சிருந்தேன். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்தவர். திப்பு தன் செப்புக் காசுகளுக்கு நட்சத்திரம், கிரகம் பேரு வைத்தவர். ஒரு பைசாவுக்கு ஜோஹ்ரா, அதாவது வெள்ளி. அரைப் பைசா பஹ்ராம், செவ்வாய். வருஷ எண்ணைக்கூட வலமிருந்து இடமாக எழுத வைத்தார். அவர் அச்சுச்சாலை இருந்த ஊர்களுக்கும் புதுப் பேர் வைத்தார். அந்தப் பட்டியலில் ஒரு பெயர்: சலாமாபாத். ஹெண்டர்சன் அதைச் சத்தியமங்கலம் என்கிறார்.

நம்ம சத்தி. பண்ணாரிக்குப் போகிற சத்தி. அங்கே திப்பு பேரில் காசு அடிச்சிருக்காங்க.

உடனே எக்செல்லைத் திறந்தேன். லாட் 31-ல் திப்பு பைசா பத்தொன்பது. அதில் பதினொன்றுக்கு "பட்டணம்" என்று எழுதியிருக்கேன், ஸ்ரீரங்கப்பட்டணம். மீதி எட்டுக்கு நான் எழுதியிருந்தது: "அச்சுச்சாலை படிக்க முடியலை, யானை நல்லா இருக்கு." யானைப் பக்கம் மட்டும் போட்டோ எடுத்து விற்றிருக்கேன். எழுத்துப் பக்கம் போட்டோவே இல்லை. வாங்குகிறவருக்கு யானைதானே வேணும்.

அன்றைக்கு நிறுத்தினதுதான். கையிருப்பில் இருந்ததைப் பெட்டியில் போட்டு மூடினேன். கணக்குப் போட்டுப் பார்த்தா, ஏழு வருஷத்து மொத்த லாபமும் என் மூன்று மாசச் சம்பளம்கூட வரலை.

இப்போ சேகரிக்கிறேன், விற்பதில்லை. வேகம் ரொம்பக் குறைந்துபோச்சு. வருஷத்துக்கு முப்பது, நாற்பது காசு, அதுவும் இந்த மூன்று, நான்கு மாவட்டத்துக்குள் வீடுகளில் இருந்து வெளியே வரும் செம்புகள்தான். ஒரு பை வந்தா பையோடு இருக்கும், பிரிக்கிறதில்லை, கழுவறதில்லை. இரண்டு பக்கமும் படம், எடை, கொடுத்தவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே ஒரு சீட்டில். "மாமியார் குடுத்தது", "ஊடு இடிக்கறப்ப பரண்ல இருந்தது", "அப்பாரு மஞ்சள் யாவாரம் பண்ணுனாரு" இப்படி. சந்தையில் பத்து ரூபாய்கூடப் பெறாத மொழுக்கைச் செம்புகளுக்கு நான் ஒரு மணி நேரம் செலவழிப்பதைப் பார்த்து வீட்டில் சிரிக்கிறாங்க. முன்னாடி விற்கிற காலத்தில் சிரிக்கலை. கூரியர் கவர் ஒட்டுற வேலை அவங்க தலையிலும் விழுந்ததால் இருக்கும்.

லாட் 31-ஐத் திரும்பச் சேர்க்க முயற்சி பண்ணினேன். காசை இல்லை, தகவலை. வாங்கின முப்பத்தெட்டுப் பேருக்கும் எழுதினேன். ஒன்பது பேர் பதில் போட்டாங்க, ஐந்து பேர் மறுபடி விற்றுட்டாங்க. எண்ணிக்கை மட்டும் எக்செல்லில் இருப்பதால் எந்த வகை எத்தனை என்பது ஓரளவு தெரியும். தேய்மானம் தெரியாது. சின்னச் செம்புகள் என்னவென்று தெரியாது. அவற்றை "கலவை, 14" என்று ஒரே வரியில் ஒருத்தருக்கே விற்றிருக்கேன்.

பாட்டியிடமே கேட்கலாமென்று போன தை மாசம் அந்த ஊருக்குப் போனேன். அவங்க தவறி இரண்டு வருஷம் ஆச்சு. மகன் இருந்தார், அறுபது வயசு இருக்கும். டீ கொடுத்தார். பையைப் பற்றிக் கேட்டதும் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்.

"அது இந்த ஊட்டுக் காசே இல்லீங்க தம்பி. அம்மா கண்ணாலமாயி வர்றப்ப அவங்க பொறந்த ஊட்டுல இருந்து கொண்டாந்தது. அம்மாயி குடுத்துச்சாம்."

"எந்த ஊருங்கண்ணா?"

"சத்திக்கு அந்தப்பக்கம். பவானி ஆத்தோரம். ஊரு பேரு அம்மாவுக்குத்தானுங்க நல்லாத் தெரியும். நாங்க சின்னதுல ஒருக்கா போனது."

அந்தப் பதிலளித்த ஒன்பது பேரில் ஒருவரிடம் அந்த எட்டில் இரண்டு காசு இன்னும் இருக்கு. எழுத்துப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன், போன வாரம் அனுப்பினார். இரண்டும் நான் கழுவினது. ஒன்றில் எழுத்தே இல்லை, மழமழவென்று இருக்கு. இன்னொன்றில் நடுவில் ஒரு நெட்டுக்கோடு, அதன் பக்கத்தில் ஒரு வளைவு. பாரசீகம் படிக்கத் தெரிந்த நண்பர் ஒருவருக்கு அனுப்பியிருக்கேன். "பட்டணமாகவும் இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம், காசை நேரில் பார்க்கணும்" என்கிறார். விற்கச் சொல்லிக் கேட்கலை. ஒரு வாரம் இரவல் தர முடியுமா என்றுதான் அவரிடம் கேட்டிருக்கேன்.